ஓரிடத்தில் இருக்காத யூலியட்

நெடுந்தீவில் யூலியட் ஓரிடத்தில் அமர்ந்திருந்ததைக் கண்டவர்கள் குறைவு. விடியப் பால் கறந்து, போத்தல்களைப் பையில் அடுக்கி, சைக்கிளில் பதினாறு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வருவாள். வந்த கையோடு மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்ப்பாள். சாப்பாடுகூட குசினி வாசலில் நின்றபடிதான். ஐம்பத்தோராவது வயதில் இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டு சத்திரசிகிச்சை செய்தபோதும், அவளைக் கட்டிலில் படுக்க வைப்பதுதான் மற்றவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

பிறகு கீமோ தொடங்கியது. மூன்று கிழமைக்கு ஒருமுறை கணவன் மனுவேலுடன் காலைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து இரண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவாள். மருந்து ஏற்றியபின் யாழ்ப்பாணத்தில் தங்கை ஜெனீற்றாவின் வீட்டில் தங்கல். அடுத்த நாளே வெளிக்கிட்டுவிடுவாள்.

"ரெண்டு நாள் நிண்டிட்டுப் போங்கோவன் அக்கா."

"மாட்டுக் கண்டுகள் என்னைத் தேடும்" என்பாள், செருப்பைப் போட்டுக்கொண்டே.

முதல் மருந்தோடு வாந்தி வந்தது, முடி கொட்டியது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். இரண்டாம் மருந்து ஏற்றி ஐந்தாம் நாள், கன்றுகளுக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடியில் குனிந்து நிமிர்ந்தாள். காதுக்குள் இரைந்தது. வெயில் மஞ்சளாகி, பிறகு கறுத்துப் போனது. கண் திறந்தபோது நிலத்தில் கிடந்தாள். வாளி கிணற்றுக்குள் விழுந்திருந்தது. கிணற்றுக்கட்டு முழங்கால் உயரம்தான். மற்றப் பக்கம் சாய்ந்திருந்தால் வாளியோடு அவளும் போயிருப்பாள்.

கடலுக்குப் போய் வந்த மனுவேல் நெற்றிக் காயத்தைக் கண்டு கேட்டான்.

"கதவு இடிச்சுப்போட்டுது" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதியில்லை. பாயால் எழும்பப் பயம், எழும்பாமல் கிடக்கவும் பயம். தலை சுற்றுமுன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று இன்னும் அவசரப்பட்டாள். தண்ணீர் குடித்தால் குமட்டியது, அதனால் குடிக்காமலே விட்டாள். மாட்டுப் பட்டியில் ஒருதரம், குசினியில் ஒருதரம் மயங்கி விழுந்தாள். இரண்டுதரமும் யாரும் பார்க்கவில்லை என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல்.

மூன்றாம் மருந்துக்குப் போன அன்று குறிகட்டுவானில் படகு ஆடிக்கொண்டு நின்றது. ஒரு காலை இறங்குதுறையில் வைத்து மறுகாலை எடுக்குமுன் கண் இருட்டிவிட்டது. பின்னால் நின்ற மனுவேல் இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் படகுக்கும் துறைக்கும் நடுவே போயிருப்பாள். சீமெந்துத் தரையில் கிடத்தினார்கள். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். கண் விழித்ததும் எழும்பப் பார்த்தாள், மனுவேல் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பஸ்ஸில் மனுவேல் அவளை யன்னலோரம் இருத்தினான். பிறகு கேட்டான்.

"இது முதல்தரமோ?"

யூலியட் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மைத்தான் கேக்கிறன்."

"நாலாந்தரம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் மாட்டை வித்துப்போட்டு என்னைக் கொண்டுபோய்த் தங்கச்சி வீட்டிலை விடுவியள். அங்கை சுவரைப் பாத்துக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது."

அப்படித்தான் செய்திருப்பான் என்பது மனுவேலுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவள் வாய் திறக்குமுன் அவனே எல்லாவற்றையும் சொன்னான். தாதி சுலோஜனா அவளைப் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தாள், எழுப்பி நிற்க வைத்து மறுபடி பார்த்தாள். நின்றபோது பிறசர் நன்றாக இறங்கியிருந்தது.

"வேறை ஏதும் குளிசை போடுறியளோ அம்மா?"

யூலியட் தலைத்துணியை இழுத்துவிட்டாள். "பிறசருக்கு ஒண்டு. ஆறு வருசமாய்."

"முதல் நாளே கேட்டனாங்கள் எல்லோ?"

"ஓம் மிஸ். பிறசர் எண்டால் ஒப்பிறேசனைப் பிந்திப்போடுவியள் எண்டு பயந்து, இல்லையெண்டு சொன்னனான்."

டொக்டர் வந்து பார்த்தார். உடம்பில் தண்ணீர் வற்றிப்போய் இருக்கும்போது அந்த மாத்திரை பிறசரை இன்னும் கீழே இழுத்திருக்கிறது என்றார். அதை நிறுத்தினார். இரத்தமும் குறைவு. அன்று கீமோ இல்லை. சேலைன் ஏற்றி, மறுநாள் இரத்தம் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு விடும்போது சுலோஜனா பக்கத்தில் வந்து அமர்ந்து சொன்னாள். "படுக்கையாலை டக்கெண்டு எழும்பாதேங்கோ. காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்சநேரம் இருந்து, பேந்து பிடிச்சுக்கொண்டு எழும்புங்கோ. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடியுங்கோ. கண் இருட்டினால் ஆர் நிண்டாலும் அந்த இடத்திலையே நிலத்திலை இருங்கோ. வெக்கப்பட்டு நிண்டால் விழுவியள். திரும்ப மயங்கினால் ஒளிக்காமல் உடனை வாங்கோ."

மனுவேல் மாடுகளை விற்கவில்லை. ஆனால் கேட்காமலே கல்லும் சீமெந்தும் கொண்டுவந்து கிணற்றுக்கட்டை நெஞ்சளவுக்கு உயர்த்தினான். சைக்கிளின் இரண்டு ரியூப்பையும் கழற்றி எங்கோ ஒளித்தான். யூலியட் இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கிட்டடி வீடுகளுக்கு மட்டும் நடந்து பால் கொடுக்கத் தொடங்கினாள்.

நின்ற இடத்தில் அமர்ந்து இருப்பதுதான் கடினமாக இருந்தது. கோயிலில் எல்லாரும் எழுந்து நின்றபோது கண் மங்கியது. முன்னால் இருந்த வாங்குப் பலகையைப் பிடித்துச் சமாளித்துப் பார்த்தாள், முடியவில்லை, அமர்ந்துவிட்டாள். பிறகு ஒழுங்கையில், கடை வாசலில் என்று நிலத்தில் இருக்கப் பழகினாள். எழும்புமுன் நூறு வரை எண்ண வேண்டும் என்று தனக்குத்தானே சட்டம் வைத்திருந்தாள். நாற்பதிலேயே எழும்பக் கால் துடிக்கும்.

ஒருநாள் மத்தியானம் கண் இருட்டித் தெருவின் நடுவே அப்படி அமர்ந்திருந்தபோது பஸ் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கல்மதில், விலக இடமில்லை. சாரதி ஏரம்பு இயந்திரத்தை நிறுத்தினார்.

"இப்ப எழும்பிறன் அண்ணை."

"ஆறுதலாய் எழும்பும் பிள்ளை. படகு இன்னும் வரேல்லை."

அவள் பொறுக்கவில்லை. எழும்பி இரண்டு அடி வைத்தாள். மறுபடி இருட்டியது. மதிலோரம் சரிந்து அமர்ந்துகொண்டாள். பஸ்ஸுக்குள் இருந்த ஒருத்தி இறங்கி வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். யூலியட் அதை வாங்கி, தலையை நிமிர்த்தாமலே குடித்தாள்.

கடைசி மருந்து பங்குனியில் ஏற்றி முடிந்தது. பிறசர் மீண்டும் ஏறத் தொடங்க, அரைக் குளிசை போடச் சொன்னார்கள். இந்தமுறை அதைக் கடதாசித் துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள். தலைசுற்று எப்போதாவதுதான் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். அந்தத் திகதி கிட்டக் கிட்ட, கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டுவாள், மூடிய படலையைத் திறந்து மூடுவாள்.

"கொஞ்சம் இருமன்" என்பான் மனுவேல்.

"இருக்கிறன்தானே" என்பாள், நடந்துகொண்டே.