வெட்டாமப் போடுங்க தம்பி

நம்பாதவர்களோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை. பத்தொன்பது வருடமாகப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறேன். கதை கட்டிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பிழைப்பே முன்பின் தெரியாதவர்களின் தயவில்தான் ஓடுகிறது. ஒருவர் மொட்டை மாடியைத் திறந்துவிடுவார். இன்னொருவர் ஏறி நிற்க ஸ்டூல் தருவார். இருப்பதிலேயே கொடுமை, இறந்தவர் வீட்டுக்குப் போய் போட்டோ கேட்பது. அழுகிற வீட்டில் வெட்கங்கெட்டுக் கை நீட்ட வேண்டும். அப்போதும் யாராவது ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அன்று மதியம் 2.15க்கு ஒரு பழைய கிடங்கு இடிந்து விழுந்தது. காவலாளி இறந்துவிட்டார். அவர் படம் கிடைக்கவில்லை.

"எட்டு மணிக்குப் பக்கம் முடிஞ்சு அச்சுக்குப் போகுது. போட்டோ இல்லாம இந்தப் பக்கம் வந்துடாத" என்றார் செய்தி ஆசிரியர். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். இதுவும் போனால் என் வேலை காலி.

6.50. காவலாளி குடியிருந்த கட்டடத்தின் வாசலில், எந்த வீடு என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

"போட்டோவுக்குத்தானே வந்தீங்க? மேல வாங்க தம்பி."

மாடிப்படியில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். காவலாளியின் மனைவி என்றார். நான் யாரிடமும் வாயே திறக்கவில்லையே என்பது அப்போது உறைக்கவில்லை. படம் கிடைத்தால் போதும் என்று பின்னாலேயே ஏறினேன்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அழுகைச் சத்தமும் இல்லை. அவர் தலைமுடி வெளுத்திருந்தது. நரை என்று நினைத்தேன். அவர் நடக்கும்போதெல்லாம் ஒரு சத்தம்... சர்ர்... சர்ர்... மணல் சரிவதுபோல்.

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பல்லில் நறநறத்தது.

பிறகு ஒரு படத்தை எடுத்து வைத்தார். கணவர் அவர் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கேமராவில் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"என் போட்டோ இது ஒண்ணுதான் இருக்கு. என்னை வெட்டாமப் போடுங்க தம்பி."

"இறந்தவங்க படம் மட்டும்தான்கா போடுவோம்."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் கண் இமைக்கவே இல்லை.

"சரிக்கா" என்றேன். வாய்க்கு வந்த பொய்.

7.08. படியிறங்கினேன்.

பின்னால்... சர்ர்...

நின்றேன். அதுவும் நின்றது.

திரும்பினேன். யாரும் இல்லை.

சர்ர்...

ஓடினேன்.

7.40. அலுவலகக் கணினியில் காவலாளி முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். பக்கம் முடிந்தது. வேலை தப்பியது.

மறுநாள் காலை 6.10க்கு இடிபாட்டுக்கு அடியில் இன்னொரு உடலை எடுத்தார்கள். பக்கத்தில் நசுங்கிய டிபன் கேரியர். கணவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன மனைவி. முகம் இருந்த இடமே தெரியவில்லையாம். அவர்கள் வீடு மதியத்திலிருந்து பூட்டியே கிடந்திருக்கிறது. காலையில் போலீஸ்தான் பூட்டை உடைத்தார்கள்.

பத்து மணிக்கு அந்தப் பெண்ணின் உடன்பிறந்த தம்பி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் எங்கள் பேப்பர்.

"மாமாவோட இந்த போட்டோல எங்க அக்காவும் இருப்பா சார். வீட்ல தேடிட்டேன், அது இல்ல. கடைசியா ஒரு தடவை அவ முகத்தைப் பாக்கணும். முழுசா இருக்கா?"

"இருக்கு" என்றேன். கேமராவில் இருப்பது நான் வெட்டாத படம். அதைத் திறந்து அவரிடம் காட்டினேன்.

காவலாளி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கை பக்கவாட்டில் நீண்டு, யார் தோள் மேலோ கிடப்பதுபோல் வளைந்திருந்தது. அந்தக் கைக்குக் கீழே வெறும் சுவர்.

"இதுல எங்க அக்கா எங்க சார்?"