கற்பூரம் சுட்ட நாண்

அலுவலகத்திலிருந்து வந்து ஆன்சரிங் மெஷினை அழுத்தினேன். முதலில் பல் மருத்துவரிடமிருந்து ஒரு நினைவூட்டல். அடுத்தது ஸ்டெல்லா அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணன் குரல். "மக்ளே, ஸ்டெல்லா காலம்பற போயிட்டா. ஹார்ட். ஆஸ்பத்திரிலதான் இருக்கேன். நீ வந்தா கொள்ளாம்." அவ்வளவுதான். அண்ணன் எப்போதும் குறைவாகப் பேசுகிறவர். அவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவார். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில், அக்கா டியூட்டிக்கு வரும்போது வழக்கமாக வண்டி நிறுத்தும் இடத்தில் வேறு யாரோ நிறுத்தியிருந்ததைப் பார்த்ததும் வந்துவிட்டது.

ஹூஸ்டன் தமிழர்களுக்கு ஸ்டெல்லா அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகர்கோவில்காரர், ஐசியூ நர்ஸ், ஐந்தடியைத் தொடாத உயரம். உங்களில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாதபோது கஞ்சி கொண்டுவந்திருப்பார். மீதிப் பேரைத் திட்டியிருப்பார். "தண்ணி குடிக்கச் சொன்னா காப்பியக் குடிச்சிட்டு வந்து நிக்கியே, சவமே!" என்று அவர் திட்டினால் காய்ச்சலே பாதி இறங்கிவிடும்.

அவர் வேட்டைக்குப் போவார் என்பது மட்டும் சிலருக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு மான், அதுவும் வில்லால். கூட வேலை பார்த்த ஒரு டாக்டரிடம் கற்றுக்கொண்டாராம். இரண்டு முனைகளிலும் உருளை வைத்த காம்பவுண்ட் வில். இழுக்கத் தொடங்கும்போது கை நடுங்கும், முழுதாக இழுத்துவிட்டால் லேசாகிவிடும். துப்பாக்கி ஏன் வேண்டாம் என்று கேட்டேன். "இருவது வருசமா மெஷின் சத்தத்துல நிக்கேன், மக்ளே. சத்தமில்லாம ஒரு எடத்துல இருக்கணும், அதுக்குத்தான் போறதே" என்றார். வேட்டை சீசன் தொடங்கும் சனி, ஞாயிறு லீவுக்காக ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் டியூட்டியை ஏற்றுக்கொள்வார். இரண்டு நாள் மரத்தடியில் உட்கார்வதற்காக ஒரு கிறிஸ்தவப் பெண் கிறிஸ்துமஸை விட்டுக்கொடுப்பார் என்றால், அந்த இரண்டு நாள் அவருக்கு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதில்தான் நான் போய்க் கை வைத்தேன்.

எங்கள் வீட்டு கராஜில் வருடாவருடம் ஆயுத பூஜை வைப்பேன். ஆளாளுக்குத் தங்கள் தொழில் சாமானைக் கொண்டுவருவார்கள். அந்த வருடம் ஏழு கீபோர்டு, இரண்டு ஸ்டெதாஸ்கோப், ஒரு தட்டு நிறையக் கார் சாவி. ஆயுதம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. அக்காவுக்கு போன் செய்து வில்லைக் கேட்டேன். "நான் வேதக்காரி. இது மானக் கொல்லுத வில்லு. நீயோ முட்டகூடத் தொடமாட்ட. உன் சாமி ஒத்துக்கிடுமா?" என்று சிரித்தார். "ஆயுதம்னா ஆயுதம்தானுங்க அக்கா, கொண்டாங்க" என்றேன். கறுப்புப் பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பூஜை முடியும்வரை ஓரமாக நின்று சுண்டல் சாப்பிட்டார்.

கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. கற்பூரத் தட்டை நான் வில்லுக்கு நேரே காட்டியபோது காற்று ஒரு பக்கமாக அடித்தது. எல்லாரும் போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். கீழ் உருளைக்குப் பக்கத்தில், அரிசி அளவு இடத்தில் நாணின் இழைகள் உருகிச் சுருண்டிருந்தன. அது செயற்கை நூல், சூடு தாங்காது என்று எனக்கு என்ன தெரியும்? தெரியாததைக்கூட மன்னிக்கலாம். அடுத்து நான் செய்ததுதான் அசிங்கம். கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்து அந்த இடத்தில் பூசிவிட்டேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுப்பது வழக்கம். நைட் டியூட்டி முடித்துப் புதன் காலையில் அக்கா வந்தார். நான் வாய் திறக்கவில்லை. வழக்கத்தைவிடப் பெரிய டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம், வேட்டைக்குப் போகும் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம், யாருக்கோ நடந்தது போல அந்தக் கதையைச் சொல்லி விசாரித்தேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். முழுதாக இழுத்து நிற்கும்போது நாண் அறுந்தால் முகத்தில் அடிக்கும், கண் போனாலும் போகும் என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அக்காவுக்கு போன் செய்தேன். "அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க" என்று ஆரம்பித்துச் சந்தனம் பூசியதுவரை கொட்டிவிட்டேன்.

திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"எந்த எடத்துல?"

"கீழ் உருளைக்குப் பக்கத்துலங்க."

"எத்தன இழ?"

"மூணு நாலு இருக்கும்."

"செரி. ஆபீஸ்லருந்து எறங்கு. கடைய ஆறு மணிக்கு மூடிருவான்."

ஏன் செய்தாய், ஏன் மறைத்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஐசியூவில் காயத்தோடு வருகிறவர்களிடமும் இப்படித்தான் கேட்டிருப்பார் போலும்.

சீசனுக்கு இரண்டு நாள் முன்பு வில் கடை எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வரிசை வாசல்வரை நின்றது. கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நாணைப் பார்த்தார். பூனை பிறாண்டியதைப் பார்த்திருக்கிறேன், அம்பு முனை கிழித்ததைப் பார்த்திருக்கிறேன், இது என்ன என்றார். அக்கா முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஆசீர்வாதம். கொஞ்சம் கூடிப்போய்விட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். வில்லை ஒரு சட்டத்தில் வைத்து அமுக்கிப் பழைய நாணைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பிறகுதான் அந்தச் செய்தியைச் சொன்னார். புது நாண் இழுபட்டுக் கொஞ்சம் நீளும்; அது நிலைக்கும்வரை குறி நகர்ந்துகொண்டே இருக்கும்; குறைந்தது மூன்று நாளாவது நிறைய அம்பு விட்டுப் பழக்க வேண்டும். அக்காவின் முகம் வாடியதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு போடச் சொல்லி உத்தரவு வந்தது. "நான் விடுகேன், நீ எடுத்துத் தா." அவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஸ்பாஞ்சு மான் நின்றது. முட்டை தொடாத நான் அன்று முழுவதும் அதன் விலாவில் காலை முட்டுக் கொடுத்து அம்பு பிடுங்கினேன். முதல் அம்பைப் பிடுங்குமுன் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அதக் கும்பிடாத மக்ளே, அது ஸ்பாஞ்சு!" என்று அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மதியம் புளியோதரை சாப்பிட்டோம். தண்டனைக்கு வந்தவள் என்பதே எனக்கு மறந்துபோனது. என் வாழ்க்கையில் மிக நன்றாகக் கழிந்த நாட்களில் அதுவும் ஒன்று.

ஞாயிறு மாலை அவர் வெறுங்கையோடு திரும்பினார். இருபது கஜத்தில் கொம்பு மான் வந்து நின்றதாம். முழுதாக இழுத்துப் பிடித்தவர், விடாமல் மெல்லத் தளர்த்திவிட்டார். "நாணு மேல சந்தேகம் இருக்கச்சிலே ஒரு உசுரு மேல அம்பு விடப்பிடாது. சாவுததும் நல்லா சாவணும், கேட்டியா" என்றார். மற்றவர்கள் "என்னக்கா, மானுக்கு லீவா?" என்று கேலி செய்தபோது, "காத்து செரியில்ல" என்று மட்டும் சொன்னார். என் பெயர் எங்கும் வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் டியூட்டி பார்த்தார். அடுத்த வருடம், நான் கேட்காமலே வில்லைக் கொண்டுவந்து பூஜையில் வைத்தார்.

என்னால் அவருக்கு ஒரு மான் போயிற்று, ஆனால் சமயத்தில் உண்மையைச் சொல்லி அவர் கண்ணைக் காப்பாற்றினேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அடக்கம் முடிந்து அக்கா வீட்டில் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது சாமுவேல் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு உன் வீட்டுலருந்து கொண்டுவந்ததுமே வில்லத் தொடச்சா. அப்பவே பாத்துட்டா" என்றார்.

டம்ளரை வைத்துவிட்டேன்.

"இப்பமே கடைக்குப் போவோம்னு சாவிய எடுத்தேன். வேண்டாம்னுட்டா. 'அவளுக்குத் தெரியாம இருக்காது. அவளே சொல்லட்டும். நாம முந்திக்கிட்டா அவளுக்குச் சொல்ல எடமில்லாமப் போவும்'னா."

"நான் சொல்லாமயே விட்டிருந்தா, அண்ணா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வெள்ளிக்கிழம நானே போய் மாத்திட்டு, எலி கடிச்சுதுன்னு சொல்லுகேன்'னா."

புதன் காலையிலிருந்து வியாழன் மதியம்வரை அவர் காத்திருந்திருக்கிறார், ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல். அந்த நாளும் கையில் இருந்திருந்தால் புது நாண் நிலைத்திருக்கும், அந்த மானையும் விட்டிருக்க மாட்டார்.

அக்காவின் வில்லை யார் எடுத்துக்கொள்வது என்று இப்போது பேச்சு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். வருடம் முழுக்கக் காத்திருந்து வாங்கிய லீவுக்கு முன்னால், தனக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு நாளை, நான் வாய் திறப்பதற்காக அவர் சும்மா இருந்து கழித்தார். அந்த நாள் என்னிடம் இருக்கிறது.