என் நாற்காலியில் தூங்கிய பொறியாளர்

வேலைக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தனபாலன் அண்ணனின் மகனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அண்ணன் மாரடைப்பால் காலமாகிவிட்டார். போன வாரம்தான் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒன்றாகத் தேநீர் குடித்தோம். நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்ததில், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் கட்டடங்களின் காற்றோட்டத்தைக் கவனிக்கும் பொறியாளர். ஏர்கோன் குளிர்கிறதா என்று நாமெல்லாம் பார்ப்போம். அதிலிருந்து வருவது புதுக் காற்றா, பழைய காற்றா என்று அவர் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில்கூட மணமக்களுக்கு முன் மேற்கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். "இவ்ளோ கூட்டத்துக்கு இந்தக் காத்து பத்தாது லா" என்பதுதான் பெரும்பாலும் அவருடைய வாழ்த்துரை. அவர் மனைவி மீனா அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

நான் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் வேலையில் சேர்ந்த புதிது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் தலை கனக்கும், கண் சொருகும். ஒருநாள் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். இன்னொரு முறை தூங்கினால் வேலை இல்லை என்று மேலாளர் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார். அப்போது என் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடியது. பயத்தில், காற்று சரியில்லை என்று கட்டட நிர்வாகத்திடம் புகார் செய்தேன். அவர்கள் அனுப்பியவர்தான் அண்ணன்.

"நீங்க எங்கம்மா உட்காருவீங்க?" என்று கேட்டு, என் நாற்காலியில் அமர்ந்து, காற்றை அளக்கும் கருவியை மேசையில் வைத்தார். சற்று நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. வரிசையே சிரித்தது. விழித்தவர் தாமும் சிரித்தார். கருவியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க மேல தப்பே இல்லம்மா. நாம விட்ட மூச்சையே நாம திரும்ப இழுத்துக்கிட்டு இருக்கோம்."

ஏர்கோன் இயந்திர அறைக்குப் போனவர் முகம் வெளுத்துத் திரும்பினார். காட்டுத்தீப் புகை ஊரையே சூழும் புகைமூட்டக் காலத்தில் வெளிப்புகை உள்ளே வராமலிருக்க, வெளிக்காற்று வரும் வழியை மூடுவார்கள். புகை கலைந்து மாதக்கணக்காகியும் எங்கள் மாடியில் அதை யாரும் திறக்கவில்லை. திறக்கச் சொல்ல வேண்டியவர் அண்ணன்.

இப்போது திறந்துவிட்டு, ஏதோ பழுது என்று சொல்லிப் போயிருக்கலாம். மேலாளரும் அதைத்தான் விரும்பினார். பழுது பழுதுதான், தூங்கியது இந்தப் பெண்ணின் சோம்பேறித்தனம் என்றார் அவர். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூடச் சொன்னது நான் சார். மறந்ததும் நான்தான். இந்தப் பொண்ணுக்குக் குடுத்த வார்னிங்கை எடுத்துடுங்க."

எழுதித் தர முடியுமா என்று மேலாளர் கேட்டார். அண்ணன் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். என் வேலை தப்பியது.

பிறகு அண்ணன் பாசிர் ரிஸ்ஸில் ஒரு கட்டடத்துக்கு மாறினார். கிளமெண்டியில் வீடு, தீவின் மறுகோடியில் வேலை. "கடல் காத்து வாங்கலாம்னு நானே கேட்டு வாங்கினேம்மா" என்றார். காற்றுப் பைத்தியம் என்று நானும் கேலி செய்தேன். இப்படித் தொடங்கிய எங்கள் நட்பு கடைசிவரை நிலைத்தது.

நேற்று, அவர் வசித்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அழுகைக்கிடையே இந்தக் கடல் காற்றுக் கதையை மீனா அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னையே பார்த்தார்.

"கேட்டு வாங்கினேன்னா சொன்னாரு? எழுதிக் குடுத்தாரே, அதுக்காகப் பதவியை இறக்கி அங்க தூக்கிப் போட்டாங்கம்மா. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா அந்தப் பொண்ணு வேலைக்குப் போறப்பல்லாம் சங்கடப்படும்னாரு."

அந்தச் சம்பளத்தில்தான் என் தம்பி படித்தான். அம்மாவுக்கு வைத்தியம் நடந்தது. அவர் காலடியில் பூவை வைத்து, சொல்லாமல் போன நன்றியை வாய்விட்டே சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

போய் வாருங்கள் அண்ணே. நாளை அதே வேலைக்குத்தான் போகிறேன். சங்கடப்படத்தான் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.