‘ம்’ கொட்டாத மெஷின்

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் ஒருவர் என்னைப் பார்க்க மந்தைவெளிக்கு வந்திருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தன் தம்பியின் கல்யாணம் கடைசி நேரத்தில் நின்றுபோன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும். சட்டென்று நிறுத்திவிட்டார்.

“சார்... நான் பேசறது போர் அடிக்குதா?”

இல்லவே இல்லை. கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐந்து நிமிடமாக நான் ஒரு ‘ம்’ கூடச் சொல்லவில்லை. மனிதர் பாவம், எவ்வளவு நேரம்தான் தனியாகவே பேசுவார்?

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இந்தக் கெட்ட பழக்கம் என்னை ஒட்டிக்கொண்டு நான்கைந்து மாதம் ஆகிறது. ஒட்டவைத்தவள் ஒரு பெண். பெயர் நஸ்ரீன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அடுத்த மாதம் அமெரிக்கா போகிறாள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — எழுத்து மட்டும் எனக்குச் சோறு போடுவதில்லை. லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், கல்யாண வீடுகளில் மைக்செட் என்று சுற்றிவிட்டு, இப்போது மயிலாப்பூரில் ஒரு கேசட் கடையில் இருக்கிறேன். பாட்டு லிஸ்ட் கொடுத்தால் பதிவு செய்து கொடுப்போம். பக்கத்துக் கடை மெத்தைக் கடை. அதை நடத்துபவர் இப்ராகிம் பாய். பாயின் ஒரே மகள்தான் நஸ்ரீன்.

அமெரிக்காவின் நடுவில் ஏதோ ஓர் ஊர்ப் பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. டோஃபெல் பரீட்சையெல்லாம் முன்பே எழுதி, நல்ல மார்க் வாங்கிவிட்டாள். ஆனால் போய்ப் படிக்க வேண்டுமானால் அங்கேயே சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் வேலை ஒன்று கிடைக்க வேண்டும். அந்த வேலை இருந்தால்தான் ஃபீஸ் இல்லை. வேலை இல்லையென்றால் மெத்தைக் கடையை விற்றாலும் நடக்காது. அந்த வேலைக்கோ தனியாக ஒரு பரீட்சை — இங்கிலீஷில் பேசிக்காட்டும் பரீட்சை. அறுபதுக்கு ஐம்பது வேண்டும். கடைசித் தேதிக்குள் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். எழுத என்ன, பேச.

யாரிடம் பேசுவது? அங்கேதான் விஷயம்.

யாரிடமும் இல்லை. கேள்வி டேப்பில் வரும். பதில் டேப்பில் போகும். ஒரு மேப்பைக் காட்டி வழி சொல் என்பார்கள். நாலு படத்தைக் காட்டிக் கதை சொல் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். மொத்தம் இருபது நிமிடம் போல. நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் டேப் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அது அமெரிக்காவுக்குப் போய், அங்கே யாரோ கேட்டு மார்க் போடுவார்கள்.

ஒருநாள் அவள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் தானே பேசிப் பதிவு செய்தது. காலேஜ் செமினாரில் மணிக்கணக்கில் பேசுகிறவள்தான், ஆனால் இதில் கேட்டால் யாரோ தடுமாறுகிற மாதிரி இருக்கிறது, டேப் ரிக்கார்டரில் கோளாறா பாருங்கள் என்றாள்.

போட்டுக் கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எட்டாவதைப் பாதியில் விட்டவன். அவள் சொன்னதில் சரி எது, தப்பு எது என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் அர்த்தம் தெரியாதவனுக்குச் சத்தம் நன்றாகக் கேட்கும், இல்லையா? எனக்குக் கேட்டது பேச்சு இல்லை, ஓட்டைகள். ரெண்டு வரி, ஓர் ஓட்டை. ரெண்டு வரி, ஓர் ஓட்டை. எல்லா ஓட்டையும் ஒரே அளவு. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

அந்த அளவு எனக்குத் தெரிந்த அளவு. பம்பாய்ப் பக்கம் லாரியில் இருந்தபோது காய்ச்சலில் விழுந்து, ஓர் ஊரில் இறக்கிவிடப்பட்டு, பாஷை தெரியாமல் எட்டு மாதம் கிடந்தேன். அங்கே நான் தமிழில் ஏதாவது சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நிற்கிற நேரம்தான் இது.

நஸ்ரீனிடம் சொன்னேன். டேப் ரிக்கார்டர் நன்றாக இருக்கிறது. நீ ரெண்டு வரி சொல்லிவிட்டு ‘ம்’முக்காகக் காத்திருக்கிறாய். மெஷின் ‘ம்’ சொல்லவில்லை. உனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

அவள் சிரிக்கவில்லை. கேசட்டை வாங்கி, அங்கேயே நின்று முழுவதும் கேட்டாள். பிறகு ஒரு நோட்டை எடுத்து ஓட்டைகளை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து, “அண்ணா, டெய்லி மத்தியானம் அரைமணி நேரம் வர முடியுமா?” என்றாள்.

நம் ஆட்களுக்கு இந்த ‘ம்’ எவ்வளவு பெரிய விஷயம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? குழந்தைக்குக் கதை சொன்னால் அது ‘ம்’ கொட்ட வேண்டும். டெலிபோனில் ‘ம்’ நின்றால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைப்போம். சண்டை போடுகிறவர்கள்கூட, “நான் பேசிட்டே இருக்கேன், ம்முனாவது சொல்றியா?” என்றுதான் கத்துவார்கள். நாம் பேசுவது நம் வாயால் மட்டும் இல்லை. பாதி, எதிராளியின் தொண்டையால்.

அதை ஒரு பெண் பத்து வாரத்தில் விட வேண்டும். விட்டாள். எப்படி விட்டாள் என்பதுதான் என்னை வாயடைக்க வைத்தது.

இடம், மெத்தைக் கடையின் பஞ்சு குடோன். சுற்றிலும் இலவம் பஞ்சு மூட்டை. கதவைத் திறந்து வைத்திருந்தாலும் தெருவில் போகிற பஸ் சத்தம் உள்ளே வராது. வாசலில் பாய் பெரிய ஊசியோடு மெத்தை தைத்துக்கொண்டிருப்பார். உள்ளே ஒரு ஸ்டூலில் நான். எதிரே நஸ்ரீன், நடுவில் டேப் ரிக்கார்டர்.

முதல் வாரம் நான் வழக்கம்போல எல்லா வரிக்கும் ‘ம்’ சொல்ல வேண்டும். அவள் தண்ணீர் மாதிரி பேசினாள். ஓர் ஓட்டைகூட இல்லை. அடுத்த வாரம் ரெண்டு வரிக்கு ஒரு ‘ம்’. அதற்கடுத்து, வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். நோட்டில் தினமும் ஓட்டைக் கணக்கு ஏறும், இறங்கும். ஏறினால் அடுத்த படிக்குப் போக மாட்டாள். அதே படியில் இன்னும் மூன்று நாள்.

மேப் கேள்விக்குப் புத்தகத்தில் இருந்த அமெரிக்க ஊர் மேப்பை அவள் தொடவே இல்லை. தெப்பக்குளத்திலிருந்து லஸ் கார்னருக்கு, லஸ் கார்னரிலிருந்து ராயப்பேட்டைக்கு என்று காலால் நடந்த தெருக்களுக்கு இங்கிலீஷில் வழி சொல்லிச் சொல்லிப் பழகினாள். வழியைப் பற்றிய பயம் போனால் வார்த்தையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும், ரெண்டு பயத்தை ஒரே நேரத்தில் எதற்குச் சுமக்க வேண்டும் என்றாள். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதற்கும் அவளுக்குக் கடிகாரம் கிடையாது. பாய் மெத்தையில் மூன்று முடிச்சுப் போடுகிற நேரம் ஒரு நிமிடம். அதைப் பார்த்தே உடம்புக்குப் பழக்கிவிட்டாள்.

நான் எத்தனையோ விஷயத்துக்குப் பயந்திருக்கிறேன். பயந்தால் ஓடுவேன், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பேன். பயத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நாளுக்கு ஒரு துண்டு என்று தின்கிற ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

நாலாவது வாரம் தலையாட்டவும் தடை. அப்போதுதான் தெரிந்தது, சும்மா இருப்பது எத்தனை கஷ்டமான வேலை என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். நாலு வரி பேசியிருப்பாள். நிறுத்திவிட்டாள்.

“அண்ணா... கழுத்து.”

என்னை அறியாமல் முதுகைக் காட்டிக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். இன்னொரு நாள் நான் கல் மாதிரி உட்கார்ந்திருக்க, எங்கிருந்தோ ‘ம்’ வந்தது. பார்த்தால் வாசலில் பாய். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. மகள் பேசும்போது ‘ம்’ கொட்ட பாஷை எதற்கு?

கடைசி ரெண்டு வாரம் ஸ்டூல் காலி. நஸ்ரீன் பஞ்சு மூட்டைகளிடம் பேசினாள். நான் கடையிலிருந்து எட்டிப் பார்த்தால் பாய் கூப்பிட்டுச் சொல்வார்.

“பாத்தியா நைனா... என் பொண்ணு பஞ்சாண்ட பாடம் நடத்திகினு கீது. அது இன்னா திருப்பிக் கேள்வியா கேக்கப் போவுது?”

கிண்டல்தான். ஆனால் அந்த அரைமணி நேரம் வாசலில் எந்த வாடிக்கையாளரையும் அவர் சத்தம் போட்டுப் பேச விட்டதில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் நோட்டைக் காட்டினாள். ஓட்டை — பூஜ்யம். வரிசையாக ஐந்து நாள் பூஜ்யம்.

பரீட்சை ஒரு காலேஜில் நடந்தது. மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் குடோனுக்கு வந்தாள். நானும் ஓடினேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

நீளமான ரூமில் வரிசையாக மேஜை. மேஜைக்கு மேஜை ஒரு பலகைத் தடுப்பு. எல்லோருக்கும் ஒரே கேள்வி, எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். முதல் ஐந்து கேள்வி பிரமாதமாகப் போனது. பக்கத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பையன். முகம் தெரியவில்லை, குரல் மட்டும். நல்ல இங்கிலீஷ். ஆனால் ரெண்டு வரி சொல்வான், நின்றுவிடுவான். மறுபடி ரெண்டு வரி, மறுபடி நின்றுவிடுவான். அந்த ஓட்டையின் அளவு அவளுக்குத் தெரியாதா? கேள்விக்குக் கேள்வி ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. படத்தைப் பார்த்துக் கதை சொல்லும் கேள்வியில் ஒரே வரியோடு சுத்தமாக நின்றுவிட்டான். மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது.

அவளும் அப்போது தன் கதையின் நடுவில் இருந்தாள். ஒன்றரை நிமிடத்தில் பாதி போயிருந்தது.

“அப்புறம் என்னம்மா?” என்றேன்.

“‘ம்’ சொன்னேண்ணா. அந்தப் பக்கம் திரும்பி, சத்தமா.”

பையன் பேச ஆரம்பித்துவிட்டான். அவன் அடுத்து நிற்கும்போது இன்னொரு ‘ம்’. பிறகு அவன் நிற்கவே இல்லை. ஆனால் அவள் கதையின் நுனி கையை விட்டுப் போய்விட்டது. மூன்றாவது படத்திலிருந்து நாலாவதுக்கு வருவதற்குள் நேரம் முடிந்தது. கதை அந்தரத்தில் நின்றுவிட்டது. மீதிக் கேள்விகளைச் சரியாகச் செய்தாள். ஆனால் அந்த ஒன்று போனது போனதுதான்.

எனக்கு வந்தது கோபம். வாரக்கணக்கில் வாயையும் கழுத்தையும் கட்டிப்போட்டு உட்கார்ந்தவன் நான். யாரோ ஒருவன், முகம்கூடத் தெரியாதவன், அவனுக்காக... இன்னொரு தடவை எழுத வாய்ப்பு இருக்கிறதா? தெரிந்துதானே செய்தாய்? உன் டேப்பில் அது பதிவாகும் என்று தெரியாதா? நான் பொரிந்து தள்ளினேன்.

அவள் டம்ளரை ஸ்டூல் மேல் வைத்தாள்.

“தெரியும்ணா. எனக்குச் சொல்ல நீங்க இருந்தீங்க, அத்தா இருந்தாரு. அவனுக்கு யாரும் சொன்னதில்ல போல.”

பாய் ஊசியைக் கீழே வைக்கவில்லை. தைத்துக்கொண்டே இருந்தார். “செரி வுடு. போய் சாப்புடு போ,” என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் போட்ட முடிச்சுகளைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

அதன்பின் காத்திருந்த வாரங்களைப் பற்றி என்ன சொல்ல? தபால்காரர் தெரு முனையில் திரும்பினால் ரெண்டு கடையிலும் வேலை நிற்கும். அவள் மட்டும் அமைதியாகக் காலேஜ் லேபுக்குப் போய்வந்தாள். ஐம்பதுக்குக் கீழே வந்தால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு திட்டம் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரு வருடம் டியூஷன் எடுப்பது, மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பிப்பது. என்னிடம் காட்டினாள். முதல் படியில் என் பெயர் இருந்தது.

கவர் ஒரு சனிக்கிழமை வந்தது. பாய் வாங்கி, பிரிக்காமல், மகள் வரும்வரை மெத்தை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். நஸ்ரீன் வந்து பிரித்தாள்.

ஐம்பது. அந்தப் பரீட்சையில் ஐந்து ஐந்தாகத்தான் மார்க் ஏறும், இறங்கும் என்றாள். அதாவது ஒரே ஒரு படி கீழே என்றாலும் போயிருக்கும். பாய் எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்தப் பையன் யார், எந்த ஊர், என்ன மார்க் — நஸ்ரீனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவனுக்கும் அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது.

அவளுடைய டேப் இப்போது அமெரிக்காவில் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். இருபது நிமிட இங்கிலீஷ். நடுவில் ரெண்டே ரெண்டு இடத்தில் தமிழ்.