நண்டு வந்த அன்றைய அதிகாரம்

எதிர் பிளாட்டில் நண்டுக் குழம்பு கொதித்தால் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு முதலில் வேதப்புத்தகம் ஞாபகம் வரும், அப்புறம்தான் எச்சில். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கோவில்பட்டியில் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்யும் இடத்துக்கே அதுதான் பெயர். ஒரு குச்சி குறைந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற மனிதர் வேதத்தை எப்படி வாசிப்பார்? முதல் பக்கத்தில் தொடங்கி, தினம் சாயங்காலம் ஒரு அதிகாரம், ஆளுக்கொரு வசனம். ஒரு வரியைத் தாண்டக்கூடாது. விருந்தாளியும் வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் சோறு.

இதனாலேயே அக்காவுக்கு வந்த ஒரு சம்பந்தம் கைநழுவிப் போனது. அன்றைய பகுதி வம்ச வரலாறு. வாய்க்குள் நுழையாத பெயர்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பல்செட்டோடு போராடிப் பார்த்துவிட்டுப் பாதியில் கும்பிடு போட்டுவிட்டார். "பொண்ணு நல்ல பொண்ணுதான், வீடுதான் சண்டே ஸ்கூலு மாதிரி இருக்கு" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அக்காவுக்குப் பதிலாக ஒரு வாரம் அடுக்களையில் பாத்திரங்கள்தான் பேசின.

அடுத்து தூத்துக்குடிச் சம்பந்தம். மாப்பிள்ளைக்கு ஹார்பரில் வேலை. போட்டோவைப் பார்த்ததுமே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அது அவள் தலையணைக்கடியில் இருந்ததை நான் பார்த்தேன். இதுவும் தட்டிப்போனால் தாங்கமாட்டாள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமா மூவரும் மத்தியானமே வந்தார்கள், ஓலைப்பெட்டி நிறைய நண்டோடு. கரிசல் காட்டில் கடல் நண்டு ஏது? அம்மா பூரித்துப்போய் மசாலா அரைத்தாள்.

ஆறரை மணிக்கு ஏழு பேரும் பாயில் உட்கார்ந்தோம். அப்பா நாடா வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று சொல்லும் அதிகாரம்.

ஆளுக்கொரு வசனம் வாசிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்தியாக முகத்தை வைத்துக்கொண்டு, தன் வசனம் எது என்று முன்கூட்டியே எண்ணிவிடுவது. நானும் எண்ணினேன். அப்பா, அம்மா, மாப்பிள்ளையின் அம்மா என்று சுற்று. இரண்டாம் சுற்றில் அம்மாவுக்குச் செதிள் உள்ள மீன், அதைத் தின்னலாம். அடுத்ததுதான் வினை. செதிளும் துடுப்புச் சிறகும் இல்லாத தண்ணீர்ப் பிராணி எல்லாம் அருவருப்பு. அதாவது நண்டு. அதை வாசிக்க வேண்டியவர் நண்டைக் கொண்டுவந்த மாப்பிள்ளையின் அம்மாவேதான்.

அம்மாவுக்கும் புரிந்துவிட்டது.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நா பாட்டுப் பாடி முடிச்சிருவமா?"

"வேதத்துக்கு லீவு உண்டா?" என்று அப்பா தொடங்கிவிட்டார்.

ஒட்டகம், முயல், பன்றி எல்லாம் கடந்து, மறுபடி அப்பாவின் முறை வந்தது. தன் வசனத்தை வாசித்தவர் அடுத்தவற்றின் மேல் கண்ணை ஓட்டினார். அடுக்களையிலிருந்து வாசம் வந்தது. அக்காவைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. புத்தகத்தை மூடினார்.

"இன்னைக்கு இம்புட்டு போதும். ஜெபம் பண்ணுவோம்."

மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட ஒரு வரி விடாதவர் அவர். எதை விட்டுக்கொடுத்தார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். 

மாப்பிள்ளையின் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் அம்மாவைக் காட்டினார்.

"ஏன் அண்ணாச்சி நிறுத்திட்டீங்க? இவியளுக்கு ஒண்ணு, அடுத்தது எனக்குல்லா? நான் அப்பமே எண்ணிட்டேன்."

அப்பா திகைத்துப்போய்ப் புத்தகத்தைத் திறந்தார். அம்மா தன் வசனத்தை முணுமுணுத்த பிறகு, அந்த அம்மாள் தன்னுடையதைக் கோயிலில் வாசிப்பதுபோல் கணீரென்று வாசித்தார்.

"எங்க வீட்லயும் வருசா வருசம் இந்த அதிகாரம் வரத்தான் செய்யுது. நண்டும் வரத்தான் செய்யுது. மிச்சத்தச் சட்டுனு வாசிங்க, குழம்பு ஆறிரும்."

அடுத்த முறை மாப்பிள்ளைக்கு. சிரிப்பை அடக்கமாட்டாமல் அவரால் வாசிக்க முடியவில்லை. பாயின் மறுகோடியிலிருந்து அக்கா அவருடைய வசனத்தையும் சேர்த்து வாசித்தாள். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது. அப்பா அதிகாரத்தை முழுதாக முடித்துவிட்டு, நண்டை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அக்கா வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு நேரம். இங்கே நான் ஒருத்திதான். அப்பா வைத்த முறைப்படியே தினம் ஓர் அதிகாரம் வாசிக்கிறேன். அன்று ஏழு பேர் திக்கித் திணறி அரைமணி நேரம் வாசித்தோம். நான் எவ்வளவு நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.