வெள்ளிக்கிழமை வராத கேம்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் திருமுக்கூடலில் படகில் போய்க்கொண்டிருந்தேன்.

கட்டிலில் படுத்தபடிதான். கையில் போன்.

பாலாறு நிறையத் தண்ணீர். இந்தப் பக்கம் செய்யாறு வந்து சேர்கிறது, அந்தப் பக்கம் வேகவதி. நிஜத் திருமுக்கூடலைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள். வருஷத்தில் பாதி நாள் அங்கே மணல்தானே இருக்கிறது! ஆனால் இந்தப் படகுக்குத் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது. விரலை வைத்தால் மெல்லத் திரும்பும். எடுத்துவிட்டால் அது பாட்டுக்குப் போகும். ஸ்கோர் இல்லை, சுட்டுத் தள்ள ஆள் இல்லை, வாயைப் பிளந்துகொண்டு முதலை வருவதில்லை. படகின் முனையில் ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். தூரத்தில் இன்னொரு விளக்கு தெரியும்... அது வேறு யாரோ. எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ! அவரும் என்னைப் போலவே, இதே நேரத்தில், இதே ஆற்றில் சும்மா போய்க்கொண்டிருக்கிறார். பேச முடியாது. மோதவும் முடியாது. பார்த்துக்கொண்டே போகலாம்.

எவ்வளவு நேரம் போனேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அடுப்பில் இருந்த காரக்குழம்பு கரியாகிற வரைக்கும் போயிருக்கிறேன்.

"ஏம்மா, வீட்ல தீ கீ புடிச்சிக்கிச்சா?" என்று வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தார். நான் அப்போதும் படகை விட்டு இறங்கவில்லை.

இந்த ஆற்றை வரைந்தவள் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஸ்டெல்லா. அவளும் அவள் அண்ணன் எட்வினும் ஒரு கேம் கடை நடத்துகிறார்கள். கடை என்றால் ஷட்டர், போர்டு எல்லாம் தேடாதீர்கள். போனில் ஒரு ஆப். திறந்தால் வரிசையாக விளையாட்டுகள். சிலவற்றை ஸ்டெல்லாவே செய்கிறாள், மற்றதை ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் செய்து கொடுக்கிறார்கள். வியாபாரம் முழுக்க எட்வின். இதற்கு முன் பட்டுக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை — கூரியர் கொண்டு வருகிறவரையும் கும்பிட்டு "வாங்க வாங்க, உக்காருங்க" என்பான்.

கடையின் சட்டம் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் புது கேம். மழையானாலும் சரி, கருட சேவைக் கூட்டத்தில் தெருவில் கால் வைக்க இடமில்லாமல் போனாலும் சரி... நாலு மணிக்கு 'டிங்' என்று போன் கூப்பிட்டுவிடும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த 'டிங்'குக்கு நான் அடிமை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று மகள் கேட்கிறாள். தேவையில்லைதான். ஆனால் தக்காளி வெட்டும் கேம், மாட்டுவண்டி ரேஸ், கோபுரத்துப் புறாக்களுக்குப் பொரி போடும் கேம் என்று ஒன்றுவிடாமல் ஆடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உயிரைக் கொடுத்து ஆடுவேன். திங்கள்கிழமை லேசாக அலுக்கும். புதன்கிழமை அதன் பெயர் மறந்துவிடும். வியாழக்கிழமை, 'நாளைக்கு என்ன வரும்?' என்று மனசு பறக்க ஆரம்பித்துவிடும்.

ஸ்டெல்லா அந்த ஆற்றை மழைக்காலம் முழுக்க வரைந்தாள். மற்ற கேம்களுக்கு நடுவே, கிடைத்த நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரில் சாயங்கால வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க பஸ் ஏறித் திருமுக்கூடலுக்கே போய் உட்கார்ந்திருப்பாள். அது ரிலீஸ் ஆவதற்கு முதல் நாள், அண்ணனும் தங்கையும் எங்கள் ஹாலில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். காபி கொடுக்கக் கூப்பிட்டது என் தப்பு.

"ண்ணா, இத வுட்டதுக்கு அப்புறம் ஒரு மாசமாவது இது மேல வேற எதையும் போடாதண்ணா."

"ஒரு மாசமா? இன்னாமா பேசற நீ? ஒரு வாரம் கம்முனு இருந்தாலே நம்ம கடைய மறந்துடுவாங்க."

"மறக்கட்டும். இவ்ளோ நாளா வரைஞ்சிக்கினு இருக்கறேன். அடுத்த வெள்ளிக்கிழமையே அந்தத் தோசை கேம எடுத்து அது மேல ஊத்துவ. புதுசு வந்துச்சின்னா எல்லாம் அங்க ஓடிடுவாங்க. என் ஆத்துல ஒரு வெளக்கு இருக்காது. அத நான் பார்த்துக்கினு ஒக்காந்திருக்கணுமா?"

எட்வின் காபியை ஆற்றினான். ஸ்டெல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஸ்ரீபெரும்புதூர்ல டிசைன் வேலைக்கு கூப்பிட்டுக்கினே இருக்கறாங்க. இந்தத் தடவையும் அப்பிடி ஆச்சின்னா நான் அங்க போய்டுவேன். நீயே வரைஞ்சிக்கோ."

அவள் மிரட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எட்வினுக்கு நேராக ஒரு கோடு போட வராது. அவள் போய்விட்டால் கடை எங்கே இருக்கிறது?

அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க. கேம் கடைன்னா எத்தினி நாளுக்கு ஒரு தபா புதுசு வுடணும்?"

யாரைப் பார்த்துக் கேட்கிறான் பாருங்கள்! நானே வாரம் தவறாமல் உங்கள் முன்னால் ஒன்றை விரித்து வைக்கிறவள். போன வாரம் இந்தப் பக்கத்தில் எதைப் பற்றி எழுதினேன், சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம்... பரவாயில்லை, விடுங்கள். எனக்கே யோசித்தால்தான் வருகிறது.

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "நம்ம அத்தி வரதர் மாதிரி நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவ வுடுப்பா. ஊரே க்யூவுல நிக்கும்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே அங்கிள்!" என்று எட்வின் சிரித்தான். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "கடைன்னா கடைதான்மா, வெள்ளிக்கிழமைன்னா வரணும்" என்று அவன் சொன்னதும், டம்ளரை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஆறு வந்தது. அன்றைக்குத்தான் என் காரக்குழம்பு போனது.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்கு முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை ஆற்றில் மழை பெய்தது. ஒரு திருப்பத்தில் யாருமில்லாத ஒரு மண்டபம், அதன் படிகளைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. பாங்க்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோது அங்கே போய் ஒதுங்கினேன். என் நம்பரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. இன்னொரு நாள் ஏதோ ஒரு விளக்கு வெகுநேரம் என் பக்கத்திலேயே வந்தது. பிறகு செய்யாற்றுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. முகம் தெரியாத அந்த ஆளுக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. சாப்பிட்டாரோ, தூங்கினாரோ...

மாடியில் நிலவரம் சரியில்லை. ஸ்டெல்லா அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பரணிலிருந்து பெட்டி இறங்கிவிட்டது. காலேஜ் பிள்ளைகள் செய்து கொடுத்த தோசை சுடும் கேமை எட்வின் ரெடி செய்துகொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. நான் அப்போதும் ஆற்றில்தான் இருந்தேன். தண்ணீர் மேல் வெயில் சாய்ந்து, எல்லாம் செம்பு நிறமாக இருந்தது. மேலே மணி பார்த்தேன். நாலாகப் போகிறது.

உடனே என்ன செய்தேன் தெரியுமா? படகை நட்டாற்றில் விட்டுவிட்டு வெளியே வந்து, கடை வாசலில் காத்திருந்தேன்!

சத்தியமாகச் சொல்கிறேன், ஆறு எனக்கு அலுக்கவே இல்லை. அந்தப் பெண் ஊரை விட்டுப் போகப் போகிறாள் என்பதும் தெரியும். ஆனாலும் விரல் நிற்கவில்லை. புதுசு வரப்போகிறது என்றால் இருக்கிறதைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிற இந்தப் புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ! நாலு ஆயிற்று. 'டிங்' இல்லை. ஆப்பை மூடித் திறந்தேன். போனை அணைத்துப் போட்டேன். ஒன்றும் இல்லை. எனக்கு வந்ததே கோபம்... விறுவிறுவென்று மாடி ஏறினேன்.

எட்வின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். கை மவுஸ் மேல். நான் வந்ததுகூடத் தெரியவில்லை.

ஸ்கிரீனில் மூன்று ஆறுகளும் மேலிருந்து தெரிந்தன. இவ்வளவு அகலமா அந்த ஆறு! அதன் மேல் எங்கே பார்த்தாலும் விளக்குகள். மரத்தடியில் சில, மண்டபத்துப் படியோரம் சில, மூன்றும் கூடுகிற இடத்தில் கும்பலாக நிறைய. எதற்கும் அவசரமில்லை. ஒன்று மெல்ல விலகி வழி விட, இன்னொன்று கடந்து போனது. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. நானும் வந்த காரியத்தை மறந்து நின்றுவிட்டேன்.

"வழக்கமா வியாழக்கிழமையே காலியாய்டும் ஆன்ட்டி" என்றான் திரும்பாமல். "பாருங்க. ஒருத்தரும் எறங்கல."

"தோசை?"

"ரெடி. இத தட்னா போதும். கை வரல ஆன்ட்டி. பட்டுக்கடையில ஒரு அம்மா ஒரு பொடவைய தோள்ல போட்டுக்கினு கண்ணாடி முன்னாடி போய் நின்னுட்டாங்கன்னா, அடுத்தத விரிக்கவே கூடாது. வாயக்கூட தொறக்கக் கூடாது. 'இதுல இன்னொரு கலர் இருக்குதுமா'ன்னு ஒருத்தன் சொன்னான்னு வைங்க... போச்சி. அவங்களுக்கு அதுவும் புடிக்காது, இதுவும் புடிக்காம போய்டும். எனக்கு இது தெரியும் ஆன்ட்டி. தெரிஞ்சிக்கினே வாரா வாரம் விரிச்சிக்கினு இருந்திருக்கறேன்."

மவுஸிலிருந்து கையை எடுத்தான். "இன்னிக்கி வேணாம். இவங்கள்லாம் எறங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று அவன் கேட்ட கேள்விக்கு, நாள் கணக்கில் பதில் கிடையாது போலிருக்கிறது. கடைக்காரன் காலண்டரைப் பார்ப்பதை விட்டு, எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்டெல்லா உள்ளறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பியதும் படிக்கட்டு வரைக்கும் கூட வந்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"வேலை என்னாச்சும்மா?"

"வரலன்னு சொல்லிடப் போறேன் ஆன்ட்டி." படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வரையறத எங்கண்ணன் ஒரு நாளும் நல்லாக்குதுன்னு சொன்னதே இல்ல. இன்னிக்கும் சொல்லல, பாத்தீங்கல்ல? ஆனா வெள்ளிக்கிழமையவே வுட்டுக் குடுத்துடுச்சி."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"ஆமா, நீங்க எதுக்கு ஆன்ட்டி மேல வந்தீங்க?"

"உன்னப் பார்க்கத்தான்" என்றேன். தோசை கேம் எங்கே என்று கேட்க வந்ததை எந்த வாயால் சொல்வது? நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.