பதினெட்டு நிமிஷப் பாட்டுக்காரர்கள்

பேஸ் கிட்டார் வாசிப்பவன் ஒருவன் மேடையில் இருக்கிறான் என்பதே அவன் வாசிப்பை நிறுத்தும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். பின்வரிசையில் நின்று காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு ஆரம்பித்தோம். கிட்டாரும் பாட்டு அமைப்பதும் செல்வம். அவனுடைய டிவி ரிப்பேர் கடையின் பின்னறைதான் எங்கள் ஒத்திகை இடம். கீபோர்டு ஜெயம், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்க உத்தியோகம், வீட்டிலேயே பியானோ இருந்தது. டிரம்ஸ் முத்து, மேரு பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன், எங்களில் இளையவன். பேஸ் நான். எங்கள் இசைக்குப் பெயர் புரோகிரசிவ் ராக். ஒரு பாட்டு பதினெட்டு நிமிஷம் ஓடும். அதற்குள் வேகம் நாலு தடவை மாறும். ஏன் மாறுகிறது என்று கேட்டால் எங்களிடம் பதில் கிடையாது.

கிள்ளான் கல்யாணம்

கிள்ளானில் ஒரு கல்யாண விருந்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சினிமாப் பாட்டு நாலு வாசித்தோம். எல்லோரும் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். அந்தத் தைரியத்தில் செல்வம் கண்ணைக் காட்ட, எங்கள் சொந்தப் பாட்டைத் தொடங்கிவிட்டோம். ஏழடித் தாளம். ஆடியவர்கள் ஒரு நிமிஷம் சமாளித்தார்கள். பிறகு ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். கடைசியில் ஒவ்வொருவராக நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்கள். ஜெயம் கண்ணை மூடிக்கொண்டு ஆர்கன் வாசித்ததால் இது எதையும் பார்க்கவில்லை.

நாங்கள் முடித்தபோது தட்டும் கரண்டியும் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பெண்ணின் மாமா மேடைக்கு வந்தார். கோபமே இல்லை. செல்வத்தின் தோளில் கையை வைத்துச் சொன்னார்: "தம்பி, நல்லாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா எங்களுக்கு ரெண்டு கால்தான் லா."

சாவு வீட்டு அடி

அடுத்த வருஷம் முத்துவின் அப்பா இறந்துபோனார். மூவரும் மேருவுக்குப் போனோம். பாடைக்கு முன்னால் பறை அடித்துக்கொண்டு போனார்கள். முத்து அழவில்லை. அடிப்பவர்களின் கையையே பார்த்தபடி நடந்தான். காரியம் முடிந்து ஒத்திகைக்கு வந்தவன், நேராக டிரம்ஸில் உட்கார்ந்து அந்த அடியை வாசித்தான். செல்வம் அதைச் சுற்றி ஒரு பாட்டுக் கட்டினான். அதுவரை வெளிநாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டு அதே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். முதல் தடவையாக எங்கள் பாட்டில் எங்கள் ஊர் கேட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்த அடியையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் வாசித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துவின் அம்மா மகனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். பின்னறை வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். கையிலிருந்த கூடையைக் கீழே வைக்கவே இல்லை. சாவு வீட்டுச் சத்தத்தை எடுத்து விளையாடுகிறோம் என்று திட்டப்போகிறார், நாங்களும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றோம். அவர் சொன்னது வேறு: "தூக்கிட்டுப் போறவங்க இவ்வளவு வேகமா நடக்க மாட்டாங்கய்யா, மெதுவா அடிங்க."

தொழிற்சாலை வாசலில்

மெதுவாக்கிய அந்தப் பாட்டோடு ஒரு கேசட் போட்டோம். தேடி வந்து வாங்கியவர்களும் உண்டு. பிறகு எண்பதுகள் வந்தன. ஜெயம் ஆர்கனை விட்டுவிட்டு சிந்தசைசருக்கு மாறினான். கூடவே சாப்பாட்டு டப்பா அளவில், ஆளில்லாமலே தாளம் போடும் ஒரு டிரம் மெஷினும் வாங்கி வந்தான். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் வாராவாரம் வாசிக்க அழைப்பு வந்தது. பாட்டு நாலு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது, மூன்று பேருக்குத்தான் இடம் என்றார்கள். யார் அந்த நாலாவது ஆள் என்று எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேசைமேல் மெஷின் இருந்தது, அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு வர என்னை அனுப்பினார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முத்து அப்போது சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினான். நான் ஹோட்டல், இடவசதி, மெஷின் என்று என்னென்னவோ பேசினேன். அவன் கடைசி வரை கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "செல்வண்ணே ஏன் வரல?"

இரண்டாவது கேசட்

மெஷினோடு போட்ட இரண்டாவது கேசட்டில் ஒரு அடிகூடப் பிசகவில்லை. எங்களுக்கே பெருமையாக இருந்தது. ஒரு நாள் லோரி ஓட்டுநர் ஒருவர் அந்தக் கேசட்டோடு செல்வத்தின் கடைக்கு வந்தார். முதல் கேசட்டை நாடா தேயும்வரை கேட்டவராம். எதிரில் நிற்பவர்கள்தான் அந்த பேண்டு என்று அவருக்குத் தெரியாது. ரொம்ப அக்கறையோடு எங்களை எச்சரித்தார்: "பாஸ், அவங்க பேரைப் போட்டு வேற யாரோ வாசிச்சு விக்கிறாங்க."

கம்போங் மேடான் மாடியில்

தொண்ணூறுகளில் ஹோட்டல் வேலை நின்றது. ஜெயம் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டான். செல்வமும் நானும் மெஷினை வைத்துக்கொண்டு பின்னறையில் வாசித்துக்கொண்டிருந்தோம். செல்வத்தின் கிட்டார் மட்டும் வரவரக் கீச்சென்று கூர்மையாகிக்கொண்டே போனது. ஆம்ப்ளிஃபயரில் கூர்மையைக் கூட்டும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான். இதுவும் ஒரு புதுப் பாணி போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கடையில் அவன் பக்கத்திலேயே டெலிபோன் அடித்தது. அவன் திரும்பவில்லை. பத்து தடவை அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் இத்தனை வருஷம் நின்றதில் உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் சக்தி போய்விட்டது, திரும்பாது என்று டாக்டர் சொன்னார். கீழ்ச் சுருதி மட்டும் கொஞ்சம் மிச்சம்.

ஒரு வாரம் செல்வம் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கம்போங் மேடானுக்குப் போனான். முத்து அங்கே மலிவு விலை வீடுகளில் மூன்றாவது மாடியில் இருந்தான். கதவைத் திறந்தவன் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று செல்வம் சொன்னான்: "அன்னைக்கு நான்தான் வந்திருக்கணும். பயந்துட்டு இவன அனுப்பினேன். இப்ப எனக்குக் காது போச்சு முத்து. அந்த மெஷின் எனக்குக் கேக்கல. நீ அடிச்சா தரை வழியா தெரியும்." முத்து ரொம்ப நேரம் செல்வத்தின் காதையே பார்த்தான். பிறகு கதவை முழுதாகத் திறந்தான்: "சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இருக்கு அண்ணே, ஞாயித்துக்கிழமை வரேன்."

முதுகு காட்டி வாசித்தவன்

மூன்று பேரும் மறுபடி ஆரம்பித்தோம். சுருதியை நன்றாகக் கீழே இறக்கினோம். பாட்டு எட்டு நிமிஷம்; வேகம் மாறுவதில்லை; பல இடங்களில் யாருமே வாசிப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை வாசித்தோம். செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடையில் நின்றான். முத்துவின் கையைப் பார்ப்பதற்காகச் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டான்.

கடைசி அடி ஓய்ந்த பிறகும் அவன் அப்படியே நின்றான். சபைப் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து முத்து எழுந்து, அவனுக்குக் கேட்கும்படி கத்தினான்: "கை தட்டுறாங்க அண்ணே, திரும்பிப் பாருங்க!"

இருபது வருஷத்தில் எங்கள் பேண்டு இசையில் கண்ட முன்னேற்றம் என்னவென்று யாராவது கேட்டால், வாசிக்கத் தெரிந்ததில் பாதியை வாசிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டோம் என்று சொல்வேன். நல்லவேளை, யாரும் கேட்பதில்லை.